வெட்டுமுகமும் படச் சாட்சியும்

நிலத்தின் உட்புறத்தைக் காணும் வாய்ப்பு நமக்குச் சில இடங்களில்தான் கிட்டுகிறது. ஆற்று வெள்ளம் அறுத்த கரை, மழை அரித்த ஓடை, கல் வெட்டிய குழி, நாமே தோண்டிய கிணறு ஆகிய இவைதாம் அவ்விடங்கள். மற்றெங்கும் நிலம் தன் மேற்போர்வையை விலக்குவதில்லை. இவ்வாறு அறுபட்டு வெளித்தெரியும் பக்கத்தை வெட்டுமுகம் என்று கூறுவோம். கரிசல் மண் எத்தனை அடி, அதன் கீழ்ச் சுக்கான் எத்தனை அடி, கையால் நொறுங்கும் பாறை எங்கே தொடங்குகிறது, கெட்டிப் பாறை எங்கே முட்டுகிறது, ஊற்றுக்கண் எந்த மட்டத்தில் எத்திசையிலிருந்து வருகிறது என்ற செய்திகள் அனைத்தும் அந்த ஒரு முகத்திலே எழுதப்பட்டிருக்கின்றன.

ஆனால் வெட்டுமுகத்திற்கு ஆயுள் குறைவு. கிணற்றைச் சுற்றிக் கல் கட்டடம் எழும்பியவுடன் மண் அடுக்குகள் மறைந்துவிடும். கல் எடுத்த குழியில் நீர் தேங்கினால் பாறை மறைந்துவிடும். ஓடைக்கரையோ அடுத்த ஐப்பசி மழையில் சரிந்துவிடும். கல் வெட்டும் வேலை நடந்துகொண்டிருக்கும் இடங்களில், இன்று கண்ட முகம் அடுத்த வாரம் லாரி ஏறிப் போயிருக்கும். கண்டவர் நினைவில் நிற்பது சில காலம். அவரும் போனபின் அந்தச் செய்தியும் போய்விடுகிறது.

மறைவதற்கு முன் அம்முகத்தைப் படம் பிடித்து, முறையாக எழுதி வைப்பது வெறும் பொழுதுபோக்கு அன்று. உலகின் பல பகுதிகளில் 150 ஆண்டுகளாக இஃது ஒரு கல்வித் தொண்டாக நடந்து வந்திருக்கிறது. அத்தொண்டின் வரலாற்றையும், பொருள் அழிந்து படம் மட்டும் எஞ்சிய ஒரு தமிழ்நாட்டு நிகழ்ச்சியையும், ஆலங்குளம் வட்டாரத்துச் சங்கங்கள் இதனால் அடையக்கூடிய பயனையும் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

அடுக்கு என்பது யாது?

சங்கத்தின் கிடங்கில் துணிக் கட்டுகளை அடுக்குகிறோம். முதலில் வந்த கட்டு அடியில் இருக்கும்; கடைசியில் வந்தது மேலே இருக்கும். யாரும் இடையில் உருவாத வரையில், அடுக்கைப் பார்த்த மாத்திரத்தில் எந்தக் கட்டு முந்தியது, எது பிந்தியது என்று சொல்லிவிடலாம். நீர் கொணர்ந்து படியவைத்த மண்ணுக்கும் இதே நியாயம் பொருந்தும். அடியில் உள்ளது பழையது. மேலே உள்ளது புதியது. டென்மார்க்கு தேசத்தவரான நிக்கோலாஸ் ஸ்டீனோ என்னும் அறிஞர் 1669-ஆம் ஆண்டில் இவ்விதியை எழுதி வெளியிட்டார். கிடங்குக் காவலர் எவரும் அறிந்த செய்திதான். ஆயினும் நிலத்தின் வரலாற்றைப் படிக்கும் கலை முழுவதும் இதன்மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

அடுக்கி வைத்த துணியை இருபுறமும் நெருக்கினால் அது மடியும். மேலும் நெருக்கினால் மடிப்புகள் செங்குத்தாக எழுந்து நிற்கும். பாறைகளுக்கும் அந்த நிலை நேர்ந்ததுண்டு. அதற்கு நம் ஊரே சான்று. ஆலங்குளத்தில் 1970-ஆம் ஆண்டளவில் அரசின் சிமெண்ட் ஆலை எழுந்ததற்குக் காரணம் இவ்வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல். பின்னர் 1976-இல் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகம் அமைந்தது. அந்தச் சுண்ணாம்புக்கல் ஆதியில் நீரடியில் படிந்த படிவுதான். ஆயினும் 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் நிலத்தின் ஆழத்தில் வெந்து, நெருக்குண்டு, சர்க்கரைக் கற்கண்டைப் போல் மணிமணியாக மாறிவிட்டது. தென் மாவட்டங்களில் இவ்வகைச் சுண்ணாம்புக்கல், படுத்த பாயாகக் கிடவாமல், மற்றப் பாறைகளுக்கு நடுவே சாய்ந்தும் நிமிர்ந்தும் பட்டைகளாக ஓடுவதைக் காணலாம். புடைவையில் ஓடும் கரையைப் போன்று, அகலம் குறைவாகவும் நீளம் மிகுதியாகவும் அது செல்லும்.

இந்தப் பட்டை யார் நிலத்தின் அடியில் செல்கிறது, யார் நிலத்தை விட்டு விலகுகிறது என்பது உழவருக்கும் நெசவாளருக்கும் பொருட்டுள்ள செய்தியே. சுண்ணாம்புப் பாறையில் ஊறிவரும் நீர் உப்புக் கடினமாக இருக்கும், சவுக்காரம் நுரைக்காது, சாயத் தொட்டியில் நிறம் ஒருபடித்தாக ஏறாது. சத்திரப்பட்டிப் பக்கத்தில் மருத்துவக் கட்டுத்துணி நெய்து வெளுப்போரும், அருப்புக்கோட்டையில் நூலுக்குச் சாயம் ஏற்றுவோரும் நீரின் குணத்தை நன்கு அறிவர். நீரின் குணத்திற்குக் காரணம் பாறையின் குணம். பாறையின் குணம் வெட்டுமுகத்தில் தெரியும்.

கல்லமேட்டில் நிகழ்ந்தது

இனி, படம் எத்தகைய சாட்சி என்பதற்கு நம் மாநிலத்திலேயே நிகழ்ந்த ஒன்றைக் கூறுவோம்.

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் நிலம் நம் நிலத்தைப் போன்றதன்று. அங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது. கடல் படியவைத்த அடுக்குகள் இன்றும் பெரும்பாலும் மடியாமல், மெல்லச் சரிந்து கிடக்கின்றன. சங்கும் சிப்பியும் நத்தையுமாகக் கல்லாய்ப் போன உயிர்களை அங்கே ஓடைகளில் பொறுக்கலாம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1851-ஆம் ஆண்டில் தோன்றிய சில ஆண்டுகளுக்குள், ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்டு என்பவர் அவ்வடுக்குகளை நடந்தே அளந்தார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என ஊர்ப்பெயர்களையே சூட்டி அவற்றை மூன்று தொகுதிகளாக வகுத்தார். அந்த வகுப்பு இன்றளவும் நிலவியலார் கையாளும் அடிப்படையாக நிற்கிறது. அதே மண்ணில், பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில், கல்லாய் மாறிய 18 மீட்டர் நீள மரம் ஒன்று கிடப்பதை 1940-ஆம் ஆண்டில் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் உலகுக்கு அறிவித்தார். பின்னாளில் அத்துறையின் தலைமைப் பதவியை ஏற்ற முதல் இந்தியர் அவரே.

அரியலூர் மாவட்டத்தில் கல்லமேடு என்னும் சிற்றூர் ஒன்று உள்ளது. அதன் அருகே, சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அடுக்கில், மாபெரும் விலங்கொன்றின் எலும்புகள் வெளிப்பட்டன. இடுப்பெலும்பு, தொடையெலும்பின் ஒரு பகுதி, கணுக்காலுக்கு மேற்பட்ட காலெலும்பு, முன்னங்கை எலும்பு, வாலெலும்பு ஆகியவை அவை. அந்தக் காலெலும்பு ஒன்றே 2 மீட்டர் நீளம் இருந்தது. ஓர் ஆள் உயரத்தையும் விஞ்சிய நீளம். ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவரும் 1987-இல் அவ்விலங்கிற்குப் பெயரிட்டனர். பேருடல் படைத்த பல்லி என்று பொருள்படும் வகையில் அதற்குப் புருகத்காயோசாரஸ் என்ற பெயர் அமைந்தது. வடமொழியில் பிருகத் என்பது பெரியது. காயம் என்பது உடல்.

ஆனால் அந்த எலும்புகள் உறுதியற்றவை. நொறுங்கும் தன்மை கொண்டவை. ஈர மண்ணிலிருந்து எடுத்து வரும்போதே சிதையத் தொடங்கின. பிற்காலத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. எலும்புகள் முற்றும் அழிந்துபோயின என்று 2017-ஆம் ஆண்டில் வெளியான கட்டுரையொன்று அறிவித்தது. முதலில் வெளியான கட்டுரையிலோ சில கோட்டுச் சித்திரங்கள் மட்டுமே இடம்பெற்றிருந்தன. இதனால் அயல்நாட்டு அறிஞர் சிலர் ஐயம் எழுப்பினர். "சாத்தனூரில் கிடப்பதைப் போல இதுவும் கல்லான மரமாக இருத்தல் கூடாதோ?" என்பது அவர்தம் வினா. எலும்பைக் காட்டி விடை சொல்ல வழியில்லை. மாபெரும் கண்டுபிடிப்பொன்று, பற்றுச்சீட்டு இல்லாத செலவைப் போல், ஏற்கவும் இயலாமல் தள்ளவும் இயலாமல் பல்லாண்டுகள் நின்றது.

2022-ஆம் ஆண்டில் பாலும் அய்யாசாமியும் சேர்ந்து, கண்டெடுத்த காலத்தில் களத்திலே பிடித்த பழைய புகைப்படங்களை வெளியிட்டனர். மண்ணில் கிடந்த நிலையிலேயே அந்த எலும்புகளை அப்படங்களில் காணலாம். மரம் என்ற ஐயத்தைப் பெரிதும் போக்கி, நீண்ட கழுத்துடைய தழையுண்ணும் பெருவிலங்குகளின் இனத்தைச் சேர்ந்ததே அது என்ற முடிவுக்கு அவை வலுவூட்டின. மறு ஆண்டே வேறு அறிஞர் இருவர், கிடைத்த அளவுகளைக் கொண்டு, அவ்விலங்கின் எடை 110 டன்னுக்கும் மேற்பட்டிருக்கலாம் எனக் கணித்தனர். இக்கணிப்பு ஓர் உத்தேசமே. எலும்பு கையில் இல்லாத வரையில் அஃது உத்தேசமாகவே இருக்கும். எனினும், உத்தேசிப்பதற்கேனும் இடம் தந்தவை சில பழைய படங்கள். அவையும் இல்லாதிருந்தால் கல்லமேட்டின் பெயர் அறிவுலகின் பேரேட்டிலிருந்தே அடிக்கப்பட்டிருக்கும்.

இதில் நமக்குள்ள பாடம் இரண்டு. பொருளைக் காக்க முடியாமற் போகலாம். அதன் சாட்சியையாவது காத்தல் வேண்டும். காத்த சாட்சியைப் பெட்டியில் பூட்டி வையாமல் பலரும் காணும்படி வைத்தல் வேண்டும்.

மாட்டு வண்டியில் வந்த படப்பெட்டி

பாறைகளைப் படம் பிடிக்கும் வழக்கம் தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. 1856-ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசாங்கம் லின்னேயஸ் டிரைப் என்னும் இராணுவக் காப்டனைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. 1857-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் மாட்டு வண்டிகளில் படப்பெட்டியையும் மருந்துகளையும் ஏற்றிக்கொண்டு தெற்கு நோக்கிப் பயணம் செய்தார். அக்காலத்துப் படப்பெட்டியில் இன்றுபோல் விரலால் அழுத்தி நொடியில் படம் எடுக்க இயலாது. மெழுகேற்றிய பெரிய தாளில் வெள்ளி உப்பைப் பூசி, அதனைப் பெட்டிக்குள் வைத்து, நிமிடக் கணக்கில் ஒளியைக் காட்டி, பின்னர் இருட்டறையில் கழுவி எடுக்க வேண்டும். தாளோ ஒரு முழத்திற்குச் சற்றுக் குறைந்த நீளமுடையது. வெப்பத்தில் மருந்து கெடும். காற்றில் இலை அசைந்தால் படம் கலங்கும். பாறைக்கு இத்தொல்லை இல்லை. அசையாமல் நிற்பதில் பாறைக்கு நிகர் ஏது?

அவர் தலையாய கடமை கோயில்களையும் அரண்மனைகளையும் படமெடுப்பது. ஆயினும் 1858-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மதுரைக்கு வந்தபோது யானைமலையையும் படம் பிடித்தார். மலையின் முனைப்பக்கத்தைக் காட்டும் படம் இன்று உலகின் பெரிய காட்சிச்சாலைகளிலே போற்றப்படுகிறது. யானைமலை படிவுப் பாறை அன்று. ஆழத்தில் வெந்து உருமாறிய வரிப்பாறை. இருப்பினும் அதன் வழுக்குமுகமும், நீர் வழிந்த தடங்களும், அடிவாரத்து உருண்டைக் கற்களும் அப்படத்தில் தெளிவாக நிற்கின்றன. 1860-ஆம் ஆண்டளவில், இவ்வேலை ஆடம்பரச் செலவு எனக் கருதிய ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் அதனை நிறுத்திவிட்டார். அரசாங்கத்தின் சிக்கனத்தை நாம் குறைகூற வரவில்லை. எனினும் அந்தச் செலவின் வரவு இன்றளவும் வந்துகொண்டிருக்கிறது என்பதைக் கணக்கறிந்தோர் ஒப்புவர்.

2010-ஆம் ஆண்டில் யானைமலையில் சிற்ப நகரம் அமைக்கும் யோசனை எழுந்தபோது, சுற்றுவட்டாரத்து மக்கள் மலை மலையாகவே இருக்கட்டும் என்று நின்றனர்; யோசனை கைவிடப்பட்டது. மலை தப்பியது. ஆனால் மதுரை மாவட்டத்தில் மேலூர் பக்கம் கிரானைட்டு வெட்டிய இடங்களில் பல குன்றுகள் தப்பவில்லை. அவற்றின் பழைய வடிவத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமானால், எவரேனும் முன்பு பிடித்து வைத்த படம் ஒன்றுதான் துணை.

அயல்நாட்டில் செய்தது

அமெரிக்காவின் மேற்குப் பகுதியை அளக்கச் சென்ற குழுக்கள் 1860-களிலிருந்து புகைப்படக்காரர்களை உடன் அழைத்துச் சென்றன. அவருள் திமோதி ஓ'சல்லிவன் என்பவர் 1873-ஆம் ஆண்டில் நியூ மெக்சிகோவில் மணற்கல் பாறை ஒன்றைப் படமெடுத்தார். அதன் முகத்தில் பழைய ஸ்பானியர் பொறித்த எழுத்துகள் இருந்தன. அவர் அவ்வெழுத்துகளின் அருகே ஒரு கெஜக்கோலை நிறுத்திவைத்துப் படம் பிடித்தார். சிறு செயல், ஆயினும் அதன் பயன் பெரிது. ஒவ்வோர் எழுத்தும் எத்தனை அங்குலம் என்பதை இன்றும் அப்படத்திலிருந்தே அளந்து கூறலாம். நூறாண்டு கழித்து, 1970-களின் இறுதியில், வேறொரு குழுவினர் அப்பழைய படங்களைக் கையில் எடுத்துக்கொண்டு, அவை பிடிக்கப்பட்ட அதே இடங்களைத் தேடி, அதே கோணத்தில் மீண்டும் படம் பிடித்தனர். சில இடங்களில் ஒரு கல் கூட நகரவில்லை. சில இடங்களில் ஊரே எழுந்திருந்தது. இரு படங்களையும் பக்கத்தில் வைத்தவுடன், நூறாண்டில் நிலம் அடைந்த மாறுதல் கண்முன் நின்றது.

நம் போன்ற சங்கத்தார் மிகுதியும் மனங்கொள்ளத்தக்கது பிரிட்டனில் நடந்த செயல். 1889-ஆம் ஆண்டில் அந்நாட்டு விஞ்ஞான முன்னேற்றச் சங்கம், நிலவியல் சார்ந்த புகைப்படங்களைச் சேகரிக்கவும், காக்கவும், முறையாகப் பதிவு செய்யவும் ஒரு குழுவை அமைத்தது. படம் எடுத்தவர் பெரும்பாலும் சம்பள உத்தியோகஸ்தர் அல்லர். தத்தம் ஊரில் வாழ்ந்த பொழுதுபோக்குப் படக்காரர்கள். தம் ஊர்க் கடற்கரைச் சரிவையும், இருப்புப்பாதைக்காக வெட்டிய கணவாயையும், கல்குழியையும் படமெடுத்து, இடம், நாள், பாறையின் பெயர் முதலியவற்றை எழுதி அனுப்பினர். ஒவ்வொன்றும் எண்ணிடப்பட்டுப் பதிவேட்டில் ஏறிற்று. அத்தொகுதி இன்று அந்நாட்டுப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ளது. பலர் சிறிது சிறிதாகக் கொணர்ந்து, பொதுவில் சேர்த்து, அனைவரும் பயன் கொள்ளுதல் என்ற அந்த முறைக்கு நாம் வைத்திருக்கும் பெயர் கூட்டுறவு.

படம் எப்போது சாட்சியாகும்?

சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்வோர் அறிந்த உண்மை ஒன்று உண்டு. ரசீது இருப்பது மட்டும் போதாது. அதில் தேதியும், தொகையும், பெற்றவர் கையொப்பமும் இருத்தல் வேண்டும். அவை இல்லாத ரசீது வெறுங்காகிதம். பாறையின் படமும் அவ்வாறே.

முதலாவதாக, அளவு வேண்டும். பெரிய குன்றும் சிறிய கட்டியும் படத்தில் ஒன்றுபோல் தோன்றும். அடிக்கோலோ, அடையாளமிட்ட கயிறோ, ஒன்றுமில்லையேல் மண்வெட்டியோ வெட்டுமுகத்தின் பக்கத்தில் இருத்தல் அவசியம். இரண்டாவதாக, இடம் வேண்டும்: கிராமம், சர்வே எண், தரைமட்டத்திலிருந்து ஆழம். மூன்றாவதாக, திசை வேண்டும்: கிணற்றின் வடபுறச் சுவரா, தென்புறச் சுவரா என்பது. நான்காவதாக, நாள் வேண்டும். ஐந்தாவதாக, கண்டதைச் சொல்லும் இரண்டு வரிகள் வேண்டும்: நிறம், கெட்டித்தன்மை, ஈரம், ஊற்று.

இம்முறையை நம் அங்கத்தினருள் பலர் நேரில் கண்டிருப்பர். வைப்பாற்றின் கரையில், வெம்பக்கோட்டைக்கு அருகே விஜயகரிசல்குளத்தில், தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 2022-ஆம் ஆண்டு முதல் அகழாய்வு நடத்தியது. சங்கு வளையல்களும், மணிகளும், சுடுமண் பொருள்களும் அங்கே கிடைத்தன. அகழ்வோர் குழியின் சுவர்களைச் சீராகச் செதுக்கி, அடுக்கு அடுக்காகப் பெயரிட்டு, கறுப்பும் வெள்ளையும் மாறிமாறித் தீட்டிய அளவுகோலை நிறுத்திப் படம் பிடிப்பது அத்தொழிலின் வழக்கம். ஒரு மணி கிடைத்தது என்பதைவிட, எந்த அடுக்கில் கிடைத்தது என்பதே அவர்களுக்கு முக்கியம். அடுக்கை இழந்த மணி, பேரேட்டுப் பக்கம் தெரியாத தொகையைப் போன்றது. பண்டை மக்கள் விட்டுச்சென்ற அடுக்குக்கு அவர்கள் காட்டும் அக்கறையை, நமக்கு நீர் தரும் அடுக்குக்கு நாம் காட்டலாகாதோ?

நமக்கு இதனால் என்ன?

நம் வட்டாரத்தின் நிலத்தடி, மணல் நிறைந்த ஆற்றுப்படுகையைப் போன்றதன்று. கெட்டிப் பாறையில் நீர் எங்கும் பரவியிராது. மேலே நொறுங்கிச் சிதைந்த பாறையிலும், கீழே கெட்டிப் பாறையின் வெடிப்புகளிலும்தான் தங்கியிருக்கும். ஆகவே ஒருவர் கிணற்றில் ஊற்று பெருகுவதும், அடுத்த புன்செய்க்காரர் கிணறு வறண்டு கிடப்பதும் இயல்பு. நொறுங்கும் பாறை எத்தனை அடி வரை இறங்குகிறது, வெடிப்புகள் எத்திசையில் ஓடுகின்றன என்பவை தெரிந்தால் ஓரளவு ஊகிக்கலாம். தெரியாதபோது ஒவ்வொருவரும் கண்ணைக் கட்டிக்கொண்டு கடன் வாங்குகிறோம்.

முன்னோர் காலத்தில் இச்செய்தி கிணறு வெட்டுவோர் நாவில் இருந்தது. கமலை இறைத்த கிணற்றுக்குள் இறங்கியவர்கள் சுவரைத் தடவியே சொல்லிவிடுவர். இப்போது புதிதாகத் திறந்த கிணறு வெட்டுவோர் குறைந்துவிட்டனர். ஆழ்குழாய்க் கிணற்றில் ஆள் இறங்க இயலாது. ஒரு சாண் அகலத் துளைக்குள் எந்த முகமும் தெரியாது. நூற்றுக்கணக்கான அடி துளைத்தபின் மேலே வருவது பாறைத்தூள். அதுவும் காற்றில் பறந்து, மழையில் கரைந்து போகிறது. பணம் செலவழித்து நிலத்தினிடம் கேட்ட கேள்விக்கு நிலம் சொன்ன விடை அந்தத் தூள்தான். அதனை நாம் படிக்காமலே கொட்டிவிடுகிறோம். துளை பொய்த்தால் அந்த அங்கத்தினர் மட்டும் நட்டமடைவதில்லை. தவணை தவறுகிறது, சங்கத்தின் நிலுவை ஏறுகிறது, அடுத்தவருக்குக் கொடுக்க நிதி குறைகிறது. பொய்த்த துளையிலிருந்து பக்கத்து அங்கத்தினர் ஒரு செய்தியேனும் பெற்றால், அந்த நட்டத்தில் ஒரு பகுதி வசூலானதற்கு ஒப்பாகும்.

படம் ஒன்றே நீரைக் காட்டிவிடும் என்று நாம் கூறவில்லை. நிலவியல் அறிந்தவரின் ஆய்வுக்கும் கருவிச் சோதனைக்கும் அது மாற்றன்று. ஒரு வெட்டுமுகத்தை வைத்து ஊர் முழுவதற்கும் முடிவு கட்டுவதும் தவறு. ஆனால் ஒரு கிராமத்தில் 30, 40 கிணறுகளின் படங்கள் எண்ணிட்டு ஓரிடத்தில் இருக்குமானால், ஆய்வுக்கு வருபவர் வெறுங்கையுடன் தொடங்க வேண்டியதில்லை. சுண்ணாம்புப் பட்டை எந்தப் புலங்களின் வழியே செல்கிறது, நொறுங்கும் பாறை எங்கே தடித்து எங்கே மெலிகிறது என்பதை அவர் அரை நாளில் அறிந்துகொள்வார்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

இதற்குப் புதிய கருவி வாங்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு கைப்பேசி இருக்கிறது. அதிலேயே படம் பிடிக்கும் வசதியும் இருக்கிறது. டிரைப் மாட்டு வண்டியில் சுமந்து வந்த வேலையை இன்று சட்டைப்பையில் வைத்துச் செய்யலாம். வேண்டுவது ஒழுங்கு ஒன்றே.

ஒவ்வொரு சங்கமும் "வெட்டுமுகப் பதிவேடு" என்று ஒரு புத்தகம் திறக்கலாம். கிணறு வெட்டும் அல்லது ஆழப்படுத்தும் அங்கத்தினர், கட்டடம் எழுப்புவதற்கு முன்னர், நான்கு புறச் சுவர்களையும் அளவுக் கயிற்றுடன் படம் பிடித்துக் கொடுக்கட்டும்.   ஆழ்குழாய்க் கிணறு துளைப்பவர், ஒவ்வொரு துளைக்கம்பி இறங்கும்போதும் ஒரு பிடி பாறைத்தூளை எடுத்து, சாக்கின் மேல் வரிசையாக வைத்து, ஆழத்தைச் சீட்டில் எழுதிப் பக்கத்தில் வைத்து, முடிவில் ஒரே படமாக எடுக்கட்டும். தூளின் நிறம் மாறும் இடமே பாறை மாறும் இடம். நீர் கண்ட ஆழத்தையும் அதில் குறிக்கட்டும். நீர் காணாத துளையையும் தவறாமல் பதிய வேண்டும். வெற்றியை மட்டும் எழுதும் ஏடு, வரவை மட்டும் எழுதும் நாள்வழியைப் போல், பார்ப்பவரை ஏமாற்றும்.

படத்தின் ஒரு பிரதி அங்கத்தினரிடமும் ஒரு பிரதி சங்கத்திலும் இருத்தல் நலம். கைப்பேசி பழுதாகும், தொலையும். ஆகவே ஆண்டுக்கொரு முறை படங்களைத் தாளில் அச்சிட்டு, வரிசை எண்ணிட்டு, பதிவேட்டில் ஒட்டிவிடுதல் வேண்டும். படத்தைக் கொடுப்பதால் நிலத்தின் உரிமைக்கு யாதொரு பங்கமும் இல்லை என்பதையும் அங்கத்தினருக்கு விளக்கிவிடல் நன்று. எவரையும் கட்டாயப்படுத்தல் ஆகாது. விருப்பத்துடன் சேர்ந்ததே சங்கம். விருப்பத்துடன் சேர்வதே இப்பதிவேடும்.

எச்சரிக்கை சில கூறுதல் எம் கடமை. கட்டடமில்லாத கிணற்றின் விளிம்பில் நின்று படம் பிடிக்க முனையலாகாது. ஈர மண் ஒரு நொடியில் சரியும். வெடி வைத்த கிணற்றுக்குள் உடனே இறங்குதல் கூடாது. வெடிமருந்தின் குணம் நம் வட்டாரத்தாருக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதன்று. சுண்ணாம்புக்கல் குழிகளுக்குள்ளும் கல்குவாரிகளுக்குள்ளும் அனுமதியின்றி எவரும் செல்லலாகாது. சிறுவர்களைப் படம் எடுக்க அனுப்புதல் அறவே கூடாது. கிணற்றிலோ ஓடையிலோ விசித்திரமான எலும்போ, பானையோ, உருவம் பதிந்த கல்லோ தென்பட்டால், அதனைப் பெயர்க்காமல், அளவுகோலுடன் இருந்த நிலையிலேயே படம் பிடித்துவிட்டு, வட்டாட்சியர் அலுவலகத்திற்கு அறிவிப்பதே முறை. கல்லமேட்டின் பாடம் அதுவேயாகும்.

நம் சங்கங்களின் இரும்புப் பெட்டிகளில் 50, 60 ஆண்டுப் பழைய தீர்மானப் புத்தகங்கள் உள்ளன. அவற்றைப் புரட்டினால், அன்று யார் என்ன கடன் பெற்றார், எந்த ஆண்டு மழை பொய்த்தது என்பவை தெரிகின்றன. ஆனால் அக்கடனில் வெட்டிய கிணற்றுக்குள் என்ன இருந்தது என்பது ஒரு வரியும் எழுதப்படவில்லை. அக்காலத்தில் அதற்குரிய வசதி ஊர்களில் இல்லை. ஆதலின் அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. நம்மிடம் வசதி இருக்கிறது. இந்தக் கோடையிலும் சில கிணறுகள் ஆழப்படுத்தப்படும். சில துளைகள் இறங்கும். சில வெட்டுமுகங்கள் சில நாட்கள் மட்டும் வெயிலைக் கண்டு மறையும். அடுத்த பொதுப்பேரவைக் கூட்டத்தில் இப்பதிவேட்டைத் திறக்க ஒரு தீர்மானம் கொண்டுவருமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம். முதல் பக்கத்தில் ஒட்டும் படம் யாருடைய கிணற்றுடையது என்பதை அந்தந்த ஊர் அங்கத்தினர்களே தீர்மானிக்கட்டும்.